அரைக்கிலோ உப்பு

திருப்பூரைப் பற்றி எழுதித் தரச் சொல்லி வெளியூர்ப் பத்திரிகைகள் கேட்பது பெரும்பாலும் இரண்டு கட்டுரைகளைத்தான். ஒன்று, டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்குச் சேர்ந்து ஏற்றுமதியாளர் ஆனவரின் கதை. இன்னொன்று, நொய்யல் ஆறு செத்த கதை. முதலாவதற்கு வணிகப் பக்கங்களிலும் தீபாவளி மலர்களிலும் இடம் உண்டு. இரண்டாவதற்கு உலகச் சுற்றுச்சூழல் தினத்தை ஒட்டியோ, நீதிமன்றம் ஏதாவது உத்தரவு போட்ட வாரத்திலோ இடம் கிடைக்கும். இந்த ஊரில் உட்கார்ந்து எழுத்தில் பிழைக்க நினைக்கிற எவரும் இந்த இரண்டையும் எழுதியிருப்பார். நானும் எழுதியிருக்கிறேன். இரண்டும் உண்மை என்பதால்தான் எழுதினேன்.

1978வாக்கில் வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி, மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாக வெள்ளை டி-ஷர்ட் தேடிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார் என்பது ஊரில் எல்லோரும் சொல்லும் கதை. அதற்கு முன்னால் இது உள்நாட்டுக்குக் கைவைத்த பனியனும் கைவைக்காத பனியனும் தைத்துக்கொண்டிருந்த ஊர். 1980களின் நடுவில் இருபது கோடி ரூபாய் அளவில் இருந்த ஏற்றுமதி இன்றைக்கு 40,000 கோடி அளவுக்கு வந்துவிட்டது. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஒரு ஊரும் சுற்றுவட்டாரமும் செய்கிறது. இப்படி ஓர் ஏற்றம் இருக்கும்போது அதில் ஏறியவரின் கதையை யாரும் கேட்கத்தான் செய்வார்கள். அதேபோல், பாசனத்துக்கென்று நொய்யலின் குறுக்கே 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறியதும், கீழ்ப்பகுதி விவசாயிகள் எங்களுக்கு இந்தத் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று போராட வேண்டி வந்ததும், 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகள் அத்தனையையும் மூடச் சொன்னதும் எழுதப்பட வேண்டியவை. எழுதப்பட்டன.

நான் நெடுநாளாக யோசித்துக்கொண்டிருப்பது வேறு. இந்த இரண்டு கட்டுரைகளையும் பரந்த வாசகர்களுக்கானவை என்று நினைத்துத்தான் பத்திரிகைகள் கேட்கின்றன. அவை உண்மையிலேயே பரந்த வாசகர்களைப் போய்ச் சேர்கின்றனவா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. தஞ்சாவூரிலோ டொரன்டோவிலோ இருக்கும் ஒருவர் ஏற்றுமதியாளரின் கதையைப் படித்து, பரவாயில்லையே என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டுகிறார். நொய்யல் கதையைப் படித்து, அடப் பாவமே என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டுகிறார். வென்றது வேறு யாரோ, செத்தது எங்கேயோ ஓர் ஆறு. அவருடைய வீட்டுக்குள் அந்தக் கட்டுரை நுழையவே இல்லை. பலருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று, பலருக்கும் பட்ட விஷயம் இன்னொன்று. எழுதி விற்க வேண்டிய நிலையில் இருப்பவர் முதலாவதைத்தான் சந்தை என்று எடுத்துக்கொள்கிறார். அது சீக்கிரம் தீர்ந்துவிடுகிற சந்தை. ஒரு முறை எழுதிவிட்டால் அடுத்த முறை அதே ஏற்றுமதியாளருக்கு வேறு பெயரும் அதே ஆற்றுக்கு வேறு புகைப்படமும் தேட வேண்டியிருக்கிறது.

இரண்டுக்கும் நடுவில் கிடப்பவற்றை யாரும் கேட்பதில்லை. மங்கலம் ரோட்டில் போனால் கம்பெனி கேட்டுகளில் பலகை தொங்கும். ஓவர்லாக், பிளாட்லாக், சிங்கர் டெய்லர்கள் தேவை, செக்கிங் பெண்கள் தேவை, கைமடி ஆட்கள் தேவை, ஷிப்ட் அல்லது பீஸ் ரேட், கீழே ஒரு செல்போன் எண். சில கேட்டுகளில் அதே வாசகம் இந்தியிலும் இருக்கும். பண்டிகை முடிந்து ஆட்கள் திரும்பாத வாரங்களில் தங்கும் இடம் இலவசம் என்றும் சேர்த்து எழுதியிருப்பார்கள். இந்தப் பலகையைத் தாண்டித்தான் நிருபர்கள் ஏற்றுமதியாளரின் அறைக்குப் போகிறார்கள்.

பலகையிலிருக்கும் ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளலாம். ஷிப்ட் என்றால் எட்டு மணி நேரம். ஆனால் இங்கே பாதிப் பேர் வாழ்வது ஒன்றரை ஷிப்ட்டில். காலை எட்டரைக்கு உள்ளே போனால் ராத்திரி எட்டரைக்கு வெளியே வருவது. கூடுதல் அரை ஷிப்ட்டை நம்பித்தான் வீட்டு வாடகையும் மகளிர் குழுக் கடன் தவணையும் கணக்குப் போடப்பட்டிருக்கின்றன. ஆர்டர் குறைந்து ஒரு ஷிப்ட்டோடு அனுப்பிவிட்டால் சம்பளம் குறைந்தது என்று வெளியே யாரும் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் கணக்குப்படி குறையவில்லை. குடும்பத்தில் மட்டும் குறையும். இதை நான் எழுதினால் ஸ்ரீபெரும்புதூரில் ஓவர்டைம் பார்க்கிறவர் படிப்பார். துபாயில் கட்டட வேலையில் இருக்கிறவர் படிப்பார். சென்னையில் ராத்திரி முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறவரும் படிப்பார். பனியன் கம்பெனியின் உள்பக்கத்தை ஒருநாளும் பார்த்திராதவர்கள் அவர்கள். ஆனாலும் கணக்கில் வராத அந்த அரைப் பங்கு வருமானத்தை நம்பி வாழ்வது என்ன என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஒரு விஷயம் எப்படி வெகுதூரம் போகிறது என்பதை எனக்குக் காட்டியது உப்பு.

சாயப்பட்டறை பற்றி எழுதப்பட்ட கட்டுரைகளில் உப்பு என்ற சொல் வரும், தண்ணீரில் கரைந்திருப்பதைக் குறிக்கும் டிடிஎஸ் அளவு என்ற பெயரில், ஓர் எண்ணோடு. ஏன் உப்பு என்பது வராது. வீரபாண்டிப் பக்கம் ஒரு டையிங்கில் மாஸ்டராக இருக்கும் அண்ணன் ஒருவரிடம் கேட்டேன். "வெள்ளைக்கு உப்பே போடறதில்லீங்க. கறுப்புக்கும் நேவி புளூவுக்கும்தான் மூட்டை மூட்டையாக் கொட்டோணும்" என்றார். ஏனுங்க அண்ணா என்றதற்கு, போடாவிட்டால் சாயம் துணியில் ஏறாது, தண்ணியிலேயே நின்றுபோகும் என்றார். பிறகு பாடநூல்களைப் பார்த்தபோது அவர் சொன்னதற்கான காரணம் புரிந்தது. தண்ணீரில் நனைந்த பருத்தி இழையின் மேற்பரப்பில் எதிர்மின் தன்மை இருக்கிறது. பருத்திக்குப் பயன்படுத்தும் ரியாக்டிவ் சாயத்துக்கும் எதிர்மின் தன்மைதான். ஒன்றையொன்று தள்ளிவிடும். நடுவில் உப்பு வந்து அந்த விலக்கத்தைத் தணித்தால்தான் சாயம் இழையை நெருங்கும். பிறகு சோடா போட்டதும் அது இழையோடு பிணைந்துகொள்ளும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு உப்பு வேண்டும். ஒரு கிலோ துணிக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் தண்ணீர் பிடிக்கும் எந்திரத்தில், அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் உப்பு என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ கறுப்புத் துணிக்கு ஏறக்குறைய அரைக்கிலோ உப்பு ஆகிறது. அதில் துளியும் துணியோடு போவதில்லை. அத்தனையும் கழிவுநீரில் வந்து சேருகிறது. சாயத்தின் நிறத்தை நீக்கிவிடலாம், அழுக்கை நுண்ணுயிர்களை விட்டுத் தின்னச் செய்யலாம். கரைந்துவிட்ட உப்பை வழக்கமான சுத்திகரிப்பு எதுவும் தொடாது. ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே தென்னை காய்ந்ததும் கிணற்றுத் தண்ணீர் கரித்ததும் இதனால்தான்.

2011க்குப் பிறகு ஒரு சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்ற விதியின் கீழ் பட்டறைகள் திறக்கப்பட்டன. இப்போது சவ்வுகளின் வழியாக அழுத்தி வடித்து நல்ல தண்ணீரைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். மிஞ்சும் கரிப்பு நீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி உப்பைத் தனியே பிரிக்கிறார்கள். அந்த உப்பில் ஒரு பகுதி மறுபடி சாயத்தொட்டிக்கே போகிறது. பல உப்புகள் கலந்துபோய் எதற்கும் உதவாத மிச்சம், மூட்டைகளாகக் கட்டி பொது சுத்திகரிப்பு நிலையங்களின் கொட்டகைகளில் அடுக்கிக் கிடக்கிறது. ஆற்றுக்குப் போகாத உப்பு கொட்டகையில் இருக்கிறது. மழைத்தண்ணீர் பட்டால் கரைந்துவிடும் பொருள் அது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு, ஒரே தேடலிலிருந்து என்னால் பல இடங்களுக்கு எழுத முடிந்தது, எதையும் திரும்பச் சொல்லாமலே. விவசாயப் பத்திரிகை வாசகருக்குக் கிணற்று நீரில் கரிப்பு ஏறினால் எந்தப் பயிர் முதலில் தளரும், எது தாங்கும் என்பது வேண்டும். சிறுவர் அறிவியல் இதழுக்கு, ஒரு டம்ளர் தண்ணீர், கொஞ்சம் சாயம், ஒரு பருத்தித் துணி, ஒரு கைப்பிடி உப்பு இவற்றை வைத்து எதிர்மின் தன்மையைச் சொல்லிவிடலாம். பெண்கள் இதழுக்கு, புதுக் கறுப்புச் சட்டையைத் தனியே துவைக்கச் சொல்வது ஏன் என்பதிலிருந்து தொடங்கி, பிணையாமல் நின்றுபோன சாயம் பட்டறையிலேயே எத்தனை முறை அலசப்படுகிறது என்பதற்குப் போகலாம். வணிகப் பக்கத்துக்கு, பாலியெஸ்டருக்கு இந்த உப்பு தேவையில்லை, அதிக அழுத்தத்தில் 130 டிகிரிச் சூட்டில் அதற்குச் சாயம் ஏற்றிவிடலாம் என்ற செய்தி போதும். செயற்கை இழைக்கு ஊர் மாறுமா என்ற விவாதத்தை அங்கிருந்து தொடங்கலாம். அத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே அரைக்கிலோ உப்பு. அதைப் படித்த ஒவ்வொருவரும் தன் அலமாரியில் இருக்கும் ஒரு கறுப்புத் துணியை நினைத்துக்கொண்டுதான் படித்திருப்பார். நொய்யல் கட்டுரை என்று கேட்டிருந்தால் இதில் எதுவும் கிடைத்திராது. கட்டுரையின் கடைசியில் நொய்யல்தான் வருகிறது என்றாலும்.

பரந்த வாசகர்களுக்கு எழுதுவதென்றால் பொதுவாக எழுத வேண்டும் என்று ஒரு கருத்து பத்திரிகை அலுவலகங்களில் உறுதியாக இருக்கிறது. அது தவறு என்று நான் திடமாக நினைக்கிறேன். ஒருமுறை ஓர் இதழுக்கு அனுப்பிய கட்டுரையில் மங்கலமும் பெருமாநல்லூரும் காதர்பேட்டையும் எடுக்கப்பட்டு 'மேற்கு மாவட்டத் தொழில் நகரம் ஒன்றில்' என்று அச்சாகி வந்தது. பிளாட்லாக், ஓவர்லாக் எல்லாம் 'தையல் எந்திரங்கள்' ஆகியிருந்தன. எல்லோருக்கும் புரிய வேண்டும் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. காதர்பேட்டை என்ற பெயர் போனதும் அங்கே மூட்டையைப் பிரித்து, ஏற்றுமதியில் கழிந்த சட்டைகளை மார்க் கிழித்து எடைக்கணக்கில் பேரம் பேசுகிற சத்தமும் போய்விட்டது. வாசகருக்குப் பிளாட்லாக் எந்திரம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் போட்டிருக்கும் பனியனின் கீழ்விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் இரட்டைக்கோடாக ஓடும் தையல் இருக்கிறதல்லவா, அதுதான் என்று ஒரு வரி எழுதினால் போதும். புரியாத சொல்லை எடுத்துவிடுவதால் வாசகர் கூடுவதில்லை. அந்தச் சொல்லை அவருடைய உடம்பு வரைக்கும் கொண்டுபோய் விடுவதால் கூடுகிறார்.

பியட்ரா ரிவோலி என்ற அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியை இதைச் செய்து காட்டினார். 1999இல் தன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் ஒரு மாணவி ஒலிபெருக்கியில், உங்கள் டி-ஷர்ட்டைத் தைத்தது யார் தெரியுமா என்று கேட்டதைக் கேட்டு, ஒரு சாதாரண டி-ஷர்ட்டை வாங்கி அதன் பின்னால் போனார். டெக்ஸாஸ் பருத்திக் காடு, சீனத் தொழிற்சாலை, வாஷிங்டன் அரசியல், கடைசியில் தான்சானியாவின் பழந்துணிச் சந்தை. 2005இல் அது புத்தகமாக வந்தபோது பொருளாதாரம் படித்திராதவர்களும் வாங்கிப் படித்தார்கள். உலக வணிகம் என்று பெரிய தலைப்பு வைத்து எழுதியிருந்தால் துறைக்காரர்களோடு முடிந்திருக்கும். அவர் ஒரே ஒரு சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

நம் பக்கத்தில் இதைக் கட்டுரையாளர்களுக்கு முன்னால் நாவலாசிரியர்கள் செய்துவிட்டார்கள். தொலைபேசித் துறையில் வேலை பார்த்துக்கொண்டே 'கனவு' இதழையும் நடத்திவந்த சுப்ரபாரதிமணியன் எழுதிய 'சாயத்திரை' இந்த ஊரின் தண்ணீரையும் அதன் பக்கத்தில் வாழும் மனிதர்களையும் பற்றியது. ஒரு சிறு நகரத்தின் சாக்கடைக்கு அப்பால் யாருக்கு இது வேண்டும் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருக்கலாம். அது ஆங்கிலத்துக்கும் இந்திக்கும் மலையாளத்துக்கும் போனது. எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை' பள்ளி முடித்த நண்பர்கள் சிலர் பனியன் தொழில் பெருகுகிற காலத்தில் ஆளுக்கொரு பக்கம் இழுபடுவதைச் சொல்கிறது. பணம் வேகமாக வருகிற ஊரில் சிநேகிதம் என்ன ஆகிறது என்பதே அதில் என்னை நிறுத்திய கேள்வி. இந்தக் கேள்விக்குத் திருப்பூர்க்காரராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் திருப்பூரைவிட நல்ல இடம் அந்தக் கேள்விக்குக் கிடைத்திருக்காது. 1990களில் இங்கே தங்கி ஆய்வு செய்து 2004இல் புத்தகம் வெளியிட்ட ஷரத் சாரியும் அப்படித்தான் ஒரு கேள்வியோடு வந்தார். நிலத்தில் பாடுபட்ட குடும்பத்துப் பையன்கள் எப்படி முதலாளிகளானார்கள், உழைத்தோம், வந்தோம் என்று அவர்கள் சொல்வதற்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது, அந்த வாசல் ஏன் எல்லாச் சாதிக்கும் பெண்களுக்கும் ஒரே மாதிரி திறக்கவில்லை என்று போகும் கேள்வி. நான் மேலே சொன்ன அதே ஏற்றுமதியாளர் கதைதான். பாராட்டாக இல்லாமல் கேள்வியாகக் கேட்டதால் உலகத்தின் வேறு வேறு மூலைகளில் இருப்பவர்களும் படிக்கிறார்கள். 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி இந்த ஊர் இளைஞர்கள் பலர் தெரிந்துகொண்டதே அந்தப் புத்தகத்தைப் படித்தவர்கள் சொல்லித்தான் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. நம்முடைய பத்திரிகைகளில் வந்திருக்க வேண்டிய கட்டுரை அது.

கண்ணீருக்கு இருக்கும் சந்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2011இல் இரண்டு நெதர்லாந்து அமைப்புகள், தமிழ்நாட்டு நூற்பாலைகளின் சுமங்கலித் திட்டம் பற்றி வெளியிட்ட அறிக்கை, மூன்று வருடம் விடுதியில் அடைத்து வேலை வாங்கி முடிவில் கல்யாணத்துக்கென்று மொத்தத் தொகை தரும் ஏற்பாட்டை ஐரோப்பியக் கடைகளின் வாசலுக்குக் கொண்டுபோனது. நல்ல காரியம். 2013 ஏப்ரல் 24இல் டாக்கா அருகே ராணா பிளாசா என்ற ஆடைத் தொழிற்சாலைக் கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்த பிறகு தைக்கிற பெண்களைப் பற்றிய எழுத்துக்கு உலகம் முழுக்கக் கிராக்கி பெருகியது. அதற்குப் பின் வெளியிலிருந்து வருகிற எழுத்தாளர்கள் பலர் ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டு வந்தார்கள். அழுகிற பெண், பெயர் மாற்றப்பட்ட பெண். செக்கிங்கில் இருக்கும் அக்கா ஒருவர் என்னிடம் கேட்டார்: "எங்களப் பத்தி எழுதறதுன்னா எதுக்குங்க எல்லாரும் கஷ்டத்தையே கேக்கறாங்க? நான் ஒரு பீஸ எப்படிப் பாக்கறன்னு ஒருத்தரும் கேக்கலீங்க."

நான் கேட்டேன். சட்டையை மேஜைமேல் விரித்து, முதலில் கழுத்து, அடுத்து தோள்பட்டை இரண்டும், கை, பக்கத் தையல், கடைசியில் கீழ்விளிம்பு. பிறகு உள்பக்கம் திருப்பி அதே வரிசை. விரல் முன்னால் போகும், கண் பின்னால் வரும். எண்ணெய்க் கறை, நூல் விட்ட இடம், ஓட்டை, ஒரே சட்டைக்குள் நிறம் மாறியிருப்பது. ஷேடு மாறுவது டியூப்லைட் வெளிச்சத்தில் பிடிபடாது என்று ஜன்னல் பக்கம் கொண்டுபோய்க் காட்டினார். குறை இருக்கும் இடத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுகிறார். அந்த ஸ்டிக்கரைப் பார்த்து டெய்லர் திருத்துகிறார். இந்தப் பார்வை பழக எத்தனை மாதம் ஆகும், கண் எப்போது கெடும், கெட்ட பிறகு அவர் எந்த வேலைக்கு மாறுவார் என்று கேட்டுக்கொண்டே போனால் அவருடைய கஷ்டமும் தானே வந்துவிடுகிறது, கேட்டு வாங்காமலே. திறமையில் தொடங்கும் கட்டுரைக்கு வாசகர் அதிகம் என்று நான் நம்புவதற்கு இந்தச் சந்திப்பு ஒரு காரணம். படிக்கிறவர் இரக்கப்பட்டுவிட்டுப் போவதில்லை, அடுத்த முறை சட்டை வாங்கும்போது திருப்பிப் பார்க்கிறார்.

நடுவில் கிடப்பவற்றை எழுதாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 2023 மார்ச் சாட்சி. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வேறு மாநிலங்களில் நடந்த சம்பவங்களின் காட்சிகளும் திருப்பூர் என்று தலைப்பிட்டுப் போயின. பொய் என்று காவல்துறை அறிவித்தது. பீகார் அரசு அதிகாரிகள் குழு ஒன்றை அனுப்பியது, அவர்கள் இங்கே வந்து தொழிலாளர்களிடம் பேசினார்கள். ஹோலிக்கு வழக்கமாக ஊருக்குக் கிளம்பும் கூட்டம் ரயில் நிலையத்தில் நின்றதே பயந்து ஓடுவதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. பீகாரில் பலர் அதை நம்பினார்கள் என்றால், தங்கள் பிள்ளைகள் வேலை செய்யும் ஊரைப் பற்றி அவர்கள் படித்திருந்தது எதுவும் இல்லை என்று அர்த்தம். இங்கே இருக்கிறவர்களும் அவர்களைப் பற்றி எதுவும் படித்ததில்லை. ஹோலிக்கும் சட் பூஜைக்கும் எந்தக் கம்பெனி எத்தனை நாள் விடுமுறை விடுகிறது, திரும்பி வரும்போது தம்பியையோ மச்சானையோ கூட்டிவந்து எந்தப் பிரிவில் சேர்க்கிறார்கள், லைன் வீடுகளில் ஓர் அறைக்கு எத்தனை பேர், ரேஷன் கார்டு எந்த ஊரில் இருக்கிறது, பையன் எந்தப் பள்ளியில் தமிழ் படிக்கிறான்? இவையெல்லாம் அன்றைக்கு இந்தியில் நாலு கட்டுரைகளாக ஏற்கெனவே இருந்திருந்தால் அந்த வீடியோ இத்தனை தூரம் ஓடியிருக்காது என்பது என் எண்ணம். பரந்த வாசகர்களுக்கு எழுதுவது என்று நாம் சொல்லும்போது தமிழ் அறிந்த பரப்பை மட்டுமே நினைக்கிறோம். திருப்பூரைப் பற்றிப் படிக்க அதிகம் காரணம் இருப்பவர்கள் இன்றைக்குப் பீகாரின் தர்பங்காவிலும் ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்திலும் இருக்கிறார்கள். நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவரோடு சேர்ந்து எழுதுவது இந்த ஊர்க் கட்டுரையாளருக்கு இனிமேல் ஒரு தேவை.

எதை எழுதுவது என்று முடிவு செய்யும்போது நான் ஒரு காரியம் செய்வதுண்டு. விஷயத்தை வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் போனில் சும்மா சொல்லிப் பார்ப்பேன். மதுரையில் சித்தி, ஆவடியில் மச்சான். சொல்லி முடித்ததும் அவர்கள் கேட்கும் முதல் கேள்விதான் எனக்கு வேண்டியது. ஏற்றுமதி இத்தனை கோடி என்றால், அப்படியா என்பார்கள், அதோடு சரி. கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாகப் போகிறது, அதை அரைத்து மறுபடி நூலாக்குகிறார்கள் என்றால் சித்தி உடனே, அந்த நூலில் என்ன நெய்கிறார்கள், நம் வீட்டுத் தரைவிரிப்பா என்று கேட்பார். அங்கே கட்டுரை தொடங்கிவிட்டது. நாட்டு நடப்பில் பெரிய விஷயம் எது என்று பார்த்துக்கொண்டிருந்தால் ஊரில் இருக்கும் எல்லா நிருபர்களோடும் ஒரே வாசலில் நிற்க வேண்டிவரும். அந்த வாசலில் தனியாக எழுதிப் பிழைப்பவருக்கு என்றைக்கும் கடைசி இடம்தான். அவரிடம் காரும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை. அவரிடம் இருப்பது நேரமும் அக்கம்பக்கத்துப் பழக்கமும். அவை இரண்டும் செல்லுபடியாகிற விஷயங்களை அவர் தேர்ந்தெடுக்க வேண்டும்.

2025 ஆகஸ்ட் 27இல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தது அமலுக்கு வந்தபோது இந்த ஊருக்கு மைக்குகள் வரிசையாக வந்தன. ஏற்றுமதியாளர்கள் பேசினார்கள், எவ்வளவு கோடி ஆர்டர் நிற்கிறது என்றார்கள். அவர்கள் சொன்னது வேண்டியதுதான். யாருடைய பாக்கி முதலில் நின்றது என்பதை ஒருவரும் கேட்கவில்லை. பையர் பணம் தர நாள் தள்ளினால் ஏற்றுமதிக் கம்பெனி நூல் கடைக்கும் சாயப்பட்டறைக்கும் தள்ளும். கூலிக்குத் தைத்துத் தரும் பவர் டேபிள்காரருக்கும் தள்ளும். பவர் டேபிள்காரர் யாருக்குத் தள்ளுவார்? அவருக்குக் கீழே இருப்பது சனிக்கிழமைச் சம்பளம். அதைத் தள்ள முடியாது. தள்ளினால் திங்கட்கிழமை எந்திரத்தில் ஆள் இருக்காது. குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாள் என்ற கெடுவுக்குள் பணம் தராவிட்டால், பணம் கொடுத்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும் என்று வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவு 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அவரைக் காப்பாற்ற வந்த சட்டம். சட்டத்தைக் காட்டிப் பணம் கேட்டால் அடுத்த ஆர்டர் வேறு டேபிளுக்குப் போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

வரவேண்டிய பாக்கியைக் கேட்கத் தயங்கி, கொடுக்க வேண்டியதை மட்டும் தவறாமல் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் தமிழ்நாட்டில் எத்தனை தெருக்களில் இருக்கிறார்கள். மளிகைக்கடைக்காரர், சின்ன அச்சகம் வைத்திருப்பவர், கேட்டரிங் எடுத்துச் செய்பவர், டியூஷன் நடத்தும் ஆசிரியை. வரியைப் பற்றி எழுதினால் இவர்களில் ஒருவரும் படிக்கமாட்டார்கள். பாக்கியைப் பற்றி எழுதினால் அத்தனை பேரும் படிப்பார்கள், கூடவே வரியையும் தெரிந்துகொள்வார்கள். பெரியார் காலனிப் பக்கம் பன்னிரண்டு எந்திரம் போட்டிருக்கும் ஒரு பவர் டேபிள்காரர், தன் பெயர் வராது என்றால் நோட்டைக் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். இடது பக்கம் வரவேண்டியது, வலது பக்கம் தரவேண்டியது என்று எழுதிவைத்த நோட்டு. வெள்ளிக்கிழமை மத்தியானம் தொடங்கி மறுநாள் சம்பளம் போடும்வரைக்கும் அவர் யார் யாருக்கு எந்த வரிசையில் போன் போடுகிறார் என்பதிலிருந்து அந்தக் கட்டுரையைத் தொடங்கலாம் என்று இருக்கிறேன்.